நாகராசு கேட்ட சீட்டு

இப்போது எவனைப் பார்த்தாலும் தான் என்ன ஆகப்போகிறேன் என்பதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஒருத்தன் தாசில்தார் ஆபீசில் உட்காருவேன் என்கிறான். இன்னொருத்தன் டிராக்டர் வாங்குவேன் என்கிறான். அவன் அப்பனுக்கு ஒழுங்காக ஒரு ஏர் கிடையாது. டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டு, "பையன் குறிக்கோளோட இருக்கான்" என்று நாலு பேர் தலையாட்டுகிறார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். கடலைச் செடி கொல்லை நிறைய மதாளித்து நின்றாலும், "எப்படி இருக்கு வெளைச்சல்?" என்று கேட்பவனிடம் "ஏதோ கெடக்கு" என்றுதான் நாங்கள் சொல்வோம். வாய்விட்டுச் சொன்னால் கேட்பது மனுசக் காது மட்டும் இல்லை. இது புத்தகத்தில் படித்ததல்ல, நான் ரெண்டாவதோடு நின்றவன். என் மருமகன் நாகராசு பஸ் டிரைவர் ஆனதைக் கூடவே இருந்து பார்த்தவன், அவ்வளவுதான்.

நாகராசு என் தங்கை பொன்னுத்தாயின் மகன். பிறகு என் மகள் செவந்தியையும் கட்டினான். எட்டாவது வரைக்கும் போனவன். வயலில் இறங்கச் சொன்னால் வரப்பில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். அறந்தாங்கியில் பக்கீர் முகமது ராவுத்தர் என்று ஒரு முதலாளி ஒரே ஒரு பஸ் வைத்திருந்தார். அது ஆவுடையார்கோவில் வழியாக எங்கள் ஊரைத் தொட்டுக் கோட்டைப்பட்டினம் போகும். அந்தப் பஸ் போன பிறகும் புழுதி அடங்குகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒருநாள் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"சித்திரைக்குள்ள அந்த வண்டியில கிளீனராச் சேந்துருவேன் மாமா. அப்புறம் கண்டக்டரு. அப்புறம் டிரைவரு."

"அந்த வண்டியிலதான் கிளீனர் இருக்கானேடா."

"இருக்கான். நான் சேந்துருவேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்! சுவரில் பல்லி வேறு அடித்தது. "நல்ல சொல்லு" என்று என் பெண்டாட்டி தரையைத் தட்டினாள்.

அந்தக் கிளீனர் பங்குனியில் வண்டியை ஸ்டார்ட் பண்ண முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றியபோது அது திருப்பி அடித்து முழங்கை ஒடிந்தது. கட்டுப் போட்டும் கை நீளவில்லை. நாகராசு போய் நின்றான். சேர்த்துக்கொண்டார்கள். சரி, நடந்தது நடந்துவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு, "தீவாளிக்குள்ள டிக்கெட்டுப் பை என் தோள்ல தொங்கும்" என்றான். அதையும் பஸ் ஸ்டாண்டில் வைத்து, கண்டக்டர் ஆத்மநாதன் காதுபடவே சொன்னான். ஆத்மநாதன் தங்கமான மனுசன். "தொங்கட்டும்டா தம்பி, எனக்கும் தோள் வலிக்குது" என்று சிரித்தாராம். புரட்டாசியில் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கண் எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிட்டது. கீழாநெல்லி அரைத்துக் குடித்து உயிர் தப்பினார். ஆனால் ஓடுகிற வண்டியில் நிற்கக் காலில் தெம்பு இல்லை. பை நாகராசு தோளுக்கு வந்தது. கிளீனர் வேலைக்கு ராக்கன் என்று எங்கள் ஊர் ஆள் ஒருவன் வந்தான்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

செவந்தியைக் கட்டின பிறகு, மறு வருசம் நாகராசு தஞ்சாவூர் போய் லைசென்சு எடுத்து வந்தான். ஊருக்கெல்லாம் அதைக் காட்டினான். "வர்ற கார்த்திகைக்குள்ள ஸ்டியரிங்கு என் கையில" என்று சொன்னான். வண்டிக்கு டிரைவர் ரத்தினவேல். மலை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரி மனசு. வழியில் எந்தச் சாமி வந்தாலும் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுபடி பிடிப்பார். 'சாமி கும்பிடுற நேரம் வண்டியைச் சாமி ஓட்டும்' என்பது அவர் கணக்கு.

அவர் ஒருநாள் வண்டியை எங்கள் ஊர் ஆலமரத்தடியில் நிறுத்திவிட்டு நேராக என் கொல்லைக்கே வந்துவிட்டார். கழுத்தில் புதுத் தாயத்து.

"அண்ணே, ஒங்க மருமயன் பார்வை சரியில்லண்ணே."

"ஒன்னைய மொறைக்கிறானா?"

"மொறைச்சாத் தேவலையே. என்னையப் பாக்கவே மாட்டேங்கிறான். சீட்டைத்தான் பாக்குறான். நான் அதுல இல்லாத மாதிரி பாக்குறான்."

நான் மண்வெட்டியை வரப்பில் சாத்தினேன்.

"கை ஒடிஞ்சவன் அவனுக்கு முன்னாடி இருந்தான். காமாலை கண்டவரு அவனுக்கு முன்னாடி இருந்தாரு. இப்ப அவனுக்கு முன்னாடி இருக்கிறது ஆருண்ணே? நான்தானே? எனக்குப் பொட்டப்புள்ளைங்க இருக்கு. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அத்தனை பெரிய ஆள் என் முன்னால் கும்பிட்டு நின்றது எனக்கே கூச்சமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் நாகராசு தலையில் விழும். நாகராசு தலையில் விழுந்தால் என் மகள் கழுத்தில் விழும். அப்போது செவந்தி முழுகாமல் இருந்தாள்.

அறந்தாங்கிக்குப் போய் நாகராசைக் கேட்டேன். விடியற்காலை. ஷெட்டில் வண்டியைப் பின்னால் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் செங்கல்லை வரிசையாக அடுக்கி, ஒரு கல்லும் சாயாமல் பின்னாலேயே கொண்டுபோனான். தினமும் இதே வேலையாம். இறங்கி வந்தவனிடம் விசயத்தைச் சொன்னேன்.

"மாமா, ஹேண்டிலைக் கட்டைவெரல் கொடுத்துச் சுத்திப் பிடிக்கக் கூடாது. அவன் பிடிச்சான், அடிச்சிருச்சு. ஆத்மநாதண்ணன் ஊரூருக்குக் கண்ட தண்ணியையும் குடிச்சாரு. இதுல நான் எங்க வந்தேன்?"

"நீ சொன்னே. நடந்துச்சு."

"சொல்லாம இருந்தா மட்டும் நடந்திருக்காதா?"

"நடந்திருக்கலாம். ஆனா ஒன் பேரு அதுல இருக்காதுடா. என்ன ஆகணுமோ மனசுல வச்சுக்கிட்டு ஆகு. ஊருக்குச் சொல்றது எதுக்கு?"

"சொன்னாத்தான் மாமா நாலு பேருக்குத் தெரியும். நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் எனக்கு வெக்கமா இருக்கும். வெக்கம் இருந்தாத்தான் இந்நேரத்துக்கு எந்திரிச்சு வருவேன். ஒங்களை மாதிரி 'ஏதோ கெடக்கு'ன்னு சொன்னா, ஏதோதான் கெடக்கும்."

வெடுக்கென்று சொல்லிவிட்டான். திரும்பி வரும்போது ராவுத்தர் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். "ஒங்க மருமகன் கெட்டிக்காரன். ஆனா ரத்தினவேலு இருக்கிற வரைக்கும் டிரைவர் சீட்டு அவருதுதான்" என்றார். 'இருக்கிற வரைக்கும்' என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. செவந்தியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரப் பொன்னுத்தாய் ஊருக்குப் போனேன். நல்ல நாள் பார்த்தாகிவிட்டது, மழையைப் பார்க்க முடியாது என்று பொன்னுத்தாய் வண்டி ஏற்றிவிட்டாள். ரத்தினவேலுக்குப் பின் சீட்டில் நானும் செவந்தியும். வண்டி நிறையச் சனம். நாகராசு டிக்கெட் போட்டான். ராக்கன் பின்படியில்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு ஓடை. பாலம் கிடையாது. ரோடே ஓடைக்குள் இறங்கி ஏறும். வெள்ளம் வந்தால் ரோட்டுக்கு மேலேதான் ஓடும். தாம்போதி என்போம். ரோடு எது, ஓடை எது என்று தெரிவதற்காக இரண்டு ஓரமும் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். வெள்ளத்தில் கல்லின் தலை மட்டும் தெரியும். அந்த வண்டியில் ஒரு வழக்கம். கண்டக்டர் மூங்கில் கழியோடு முன்னால் இறங்கி, வலது ஓரத்துக் கல் ஒவ்வொன்றையும் கழியால் தட்டிக்கொண்டே நடப்பார். டிரைவர் கண்டக்டரின் முதுகைப் பார்த்து ஓட்டுவார். கிளீனர் பின்னால் முட்டுக்கட்டையோடு வருவான். வண்டி நழுவினால் சக்கரத்துக்கு அடியில் கட்டை போகும்.

அன்றைக்குத் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. சத்தம் காதை அடைத்தது.

"ஆரும் எறங்காதீங்க. எடை இருந்தாத்தான் வண்டி மெதக்காது" என்றார் ரத்தினவேல். மிதக்கும் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பொம்பளை அழ ஆரம்பித்துவிட்டாள்.

நாகராசு டிக்கெட்டுப் பையைக் கழற்றிச் செவந்தி மடியில் வைத்தான்.

"போகாதீங்க" என்றாள் அவள்.

"அக்கரையிலதான் ஒங்க வீடு" என்று சிரித்துவிட்டு இறங்கினான்.

நான் ரத்தினவேல் பிடரியைப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது. கார்த்திகை பிறக்க இன்னும் கொஞ்சநாள்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் தண்ணீர் இரண்டு பேரில் ஒருத்தரை எடுக்கும் என்று என் மனசு சொன்னது. எடுத்தால் டிரைவரை எடுக்கட்டும் என்று நினைத்தேனா, மருமகனைக் காப்பாற்று என்று நினைத்தேனா, இரண்டும் ஒன்றுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நாகராசு இடுப்பளவு தண்ணீரில் நடந்தான். கழி கல்லில் பட்டால் கையைத் தூக்கிக் காட்டுவான். வண்டி ஊர்ந்து ஒரு கல் தாண்டும். மறுபடி கை. மறுபடி ஒரு கல். வண்டிக்குள் தண்ணீர் வந்து காலை நனைத்தது. செவந்தி என் கையைப் பிடித்திருந்தாள். நகம் சதைக்குள் இறங்கியது.

நடு ஓடையைத் தாண்டிவிட்டோம். அடுத்த கல் கொஞ்சம் தள்ளி, வலப்பக்கமாகத் தலைநீட்டிக்கொண்டு தெரிந்தது. நாகராசு அதை நோக்கித் திரும்பினான். அந்தக் கல்லில் ஏதோ மஞ்சளாகத் தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது.

துணி. மஞ்சள் துணி.

எனக்கு உயிர் போய்விட்டது. அது ஓரக்கல் இல்லை. ஓரக்கல்லாக இருந்ததுதான், இப்போது சாமி. அறுப்புச் சமயத்தில் யாரோ வண்டிச் சக்கரத்தை ஏற்றி அதைப் பெயர்த்துவிட்டார்கள். மணலில் கிடந்தது. ஆடு மேய்க்கிற கண்ணாத்தாளுக்குக் காணாமல்போன வெள்ளாடு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்ததாம். 'ஐயனார்தான் காத்துக் கொடுத்தார்' என்று கல்லைப் புரட்டி, ரோட்டை விட்டுத் தள்ளி, மடுவை ஒட்டின மேட்டில் நட்டு, மஞ்சள் பூசித் துணி கட்டிவிட்டாள். ஊரும் தேங்காய் உடைத்தது. ரத்தினவேலும் தினமும் அதற்கு ஒரு கும்பிடு போட்டுத்தான் போவார். ரோட்டுக்கு ஒரு கல் குறைந்ததே என்று எவனும் நினைக்கவில்லை. நினைத்தாலும் சாமியைப் பிடுங்கு என்று எவன் சொல்வான்? வெயில் காலத்தில் அது வேறு இடம் என்று கண்ணுக்குத் தெரியும். வெள்ளத்தில் மஞ்சள் கரைந்து, எல்லாக் கல்லும் ஒரே கல்.

அந்தக் கல்லுக்கு முன்னால் மடு. ஆள் நிலைகொள்ளாத ஆழம்.

"நிப்பாட்டு!" என்று கத்தினேன். "ரத்தினவேலு, நிப்பாட்டு! அது கண்ணாத்தா சாமி!"

சாமி என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல் காதில் விழுந்ததும் அந்த மனுசன் பழக்கத்தில் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டார்.

அந்த நேரத்தில்தான் முன்னால் நாகராசு காணாமல் போனான். கழி மட்டும் ஒரு தரம் நிமிர்ந்து சாய்ந்தது. வண்டி வலப்பக்கம் இழுத்தது. முன்சக்கரம் ஒன்று ரோட்டை விட்டுத் தொங்கியது. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம். செவந்தி கத்தவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அந்த முகம் இப்போதும் என் தூக்கத்தில் வரும்.

ராக்கன் பின்சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்துவிட்டான். வண்டி முனகிக்கொண்டு நின்றது. இன்ஜின் மட்டும் அணையவில்லை.

"அந்தா! அந்தா!" என்றார்கள். நாகராசு சாமிக்கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினான். தண்ணீர் அவன் முகத்தில் அடித்துக்கொண்டு போனது. ராக்கன் முன்னால் ஓடி, மிதந்து வந்த கழியைப் பிடித்து நீட்டினான். நாகராசு எட்டினான், எட்டவில்லை. மறுபடி எட்டினான். விரல் பட்டது, வழுக்கியது. "மஞ்சத்துணியை விட்டுட்டுப் பிடிடா!" என்று ராக்கன் கத்தினான். மூன்றாம் தரம் பிடித்தான்.

ராக்கன் இழுத்துப் போட்டதும் நாகராசு எழுந்து நேராக டிரைவர் பக்கம் வந்தான். ரத்தினவேல் கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. கண் நிலைகுத்தியிருந்தது.

"தள்ளுங்கண்ணே."

"எனக்கு வேண்டாம்" என்றார் ரத்தினவேல். "எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம்."

நாகராசு அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி என் பக்கம் தள்ளிவிட்டு சீட்டில் உட்கார்ந்தான். ராக்கனைக் கட்டையை எடுக்கச் சொன்னான். கட்டையை எடுத்தால் வண்டி மடுவுக்குள் போகுமோ பின்னால் வருமோ, யாருக்குத் தெரியும்? ரிவர்ஸ் போட்டான். பின்னால் பார்ப்பதற்காக எங்கள் பக்கம் திரும்பினான்.

அவன் முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். உதட்டில் ரத்தம். பயம் இல்லை. ஒரு துளி இல்லை. பெண்டாட்டி அங்கே நிறைமாசமாக உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் பார்க்கவில்லை. பல நாளாக வரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஓடையைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வண்டி துள்ளியது. தொங்கின சக்கரம் ரோட்டில் ஏறியது. ஷெட்டில் செங்கல்லுக்கு நடுவே எடுப்பதுபோல் பின்னால் எடுத்து நிமிர்த்தினான். ராக்கனை முன்னால் விட்டு, இடது ஓரத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லி, கரையேற்றினான். சனமெல்லாம் இறங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. ஒரு துலுக்கக் கிழவர், கோட்டைப்பட்டினத்துக்காரர், அவன் தலையில் கைவைத்து ஓதினார்.

ரத்தினவேல் மட்டும் மழையில் தனியாக நின்றார். போகும்போது என்னிடம் வந்தார்.

"என்னைய உசுரோட விட்டுட்டுச் சீட்டை எடுத்துக்கிட்டான்ணே. அது வரைக்கும் புண்ணியம்" என்றார். அதற்குப் பிறகு அவர் எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை.

கார்த்திகை பிறந்தது. அன்றைக்கு நாகராசு டிரைவராக வண்டி கொண்டுவந்தான். எங்கள் ஊர் ஆலமரத்தடியில் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ராவுத்தரே முன் சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தார்.

"சொன்னான், செஞ்சான்" என்றார் ஊராரிடம். "ஆம்பளைன்னா இப்படி ஒரு லெச்சியம் வேணும்."

"நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்றான் நாகராசு, சீட்டில் இருந்தபடியே.

"வெள்ளம் வரலேன்னா?" என்றேன்.

"வெள்ளம் ஆருக்குத்தான் வரலே? ரிவர்ஸ் எடுக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னதில் ஞாயம் இருந்தது. இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த விடியற்காலைச் செங்கல்லை நானும் பார்த்தேன். ஆனால் ஒடிந்த கையையும் பார்த்தேன், மஞ்சளான கண்ணையும் பார்த்தேன், கும்பிட்டபடி உறைந்துபோன ஆளையும் பார்த்தேன். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

"அடுத்தது என்னப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அடுத்தது சொந்த வண்டி" என்றான். "முதலாளி இப்ப உக்காந்திருக்காரே, அந்த எடம்."

ராவுத்தருக்கு ஒரே சிரிப்பு. "வாடா, வா! எனக்கும் வயசாகுதுல்ல!" என்று அவன் முதுகில் தட்டினார். சிரித்த சிரிப்பில் புரையேறி இருமினார். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அந்தக் கூட்டத்தில் சிரிக்காதவன் நான் ஒருத்தன்தான்.

நான் ஜன்னல் ஓரமாகப் போய் ராவுத்தரிடம், "ஒடம்பைப் பாத்துக்கங்க" என்றேன்.

"எனக்கு என்னங்க? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார்.

"மாமா, ஏறுங்க. கோட்டைப்பட்டினம் வரைக்கும் போயிட்டு வருவோம். டிக்கெட்டு வேண்டாம்" என்றான் நாகராசு.

"எனக்குக் கொல்லையில வேலை கெடக்கு."

"பயமா மாமா?"

"ஆமா" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். இன்ஜின் சத்தம் கிளம்பியது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டை விட்டு இறங்கி வரப்பு வழியாக நடந்தேன். சாமர்த்தியம் என்கிறார்கள், முயற்சி என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். பின்னால் அவன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.